சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்கள் சேர்ந்து திருச்சியில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். பொறுப்பாக இருக்கிற தம்பி போன் செய்து, நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் ஒன்றைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். எனக்கு எழுத வராது என்றேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் இல்லை.

"போன்ல பேசுங்கண்ணே, அதுவே எழுதிக்கும். தப்பு இருந்தா நாங்க திருத்திக்கிறோம்" என்றார்.

அதனால் இப்போது போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் வேறு ஆள் இல்லாததால், கிழவன் தனியாகப் பேசுகிறான் என்று சிரிக்கவும் ஆள் இல்லை. ஒரே ஒரு தொந்தரவு. நான் யோசிக்கக் கொஞ்சம் நிறுத்தினால் இந்தப் போன் கேட்பதை நிறுத்திவிடுகிறது. மறுபடி தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. நான் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறவன். நடுவில் ஏதாவது விட்டுப் போயிருந்தால் அதனால்தான்.

நான் மணப்பாறைப் பக்கம். அப்பா மாட்டுத் தரகர். அவர் போன பிறகு காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினேன். மண்டி முதலாளியின் ரேடியோ அடிக்கடி படுக்கும். அதை ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு. போய் நின்று பார்ப்பேன். பார்த்துப் பார்த்து அந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரேடியோ, டேப்ரிக்கார்டர், டிவி என்று பாதி வயசு அங்கே போனது. அந்தக் கடையை மூடியபோது, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஜெயசீலன் சாரிடம் போய் நின்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் ஒரு பெட்டியை ஓடவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. "இதைப் பாருங்க. படிக்க வேணாம், மூஞ்சியைப் பாக்குற மாதிரி பாருங்க. மறுபடி பார்த்தா அடையாளம் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். உள்ளே டிஸ்க் இல்லை, சரியான டிஸ்க்கைப் போட்டுவிட்டு கீபோர்டில் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம் என்று சொன்னார். நான் கற்றுக்கொண்ட முதல் வரி அதுதான். அதற்கப்புறம் வந்த எல்லா வரிகளையும் அப்படியே முகம் பார்த்துப் பழகினேன். நீலத் திரையில் ஒரு முகம். கீபோர்டைக் காணோம், தொடர வேண்டுமென்றால் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டு என்று கேட்கிற ஒரு கோமாளி முகம். பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு தடவை போடும்போதும் எந்தக் காலத்துத் தேதியையோ காட்டுகிற ஒரு மறதிக்கார முகம்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச், ஒரு மெல்லிய பிரஷ். யாரையும் வா போ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னையும் முருகேசன், வாங்க என்றுதான் சொல்வார். ஒரு வீட்டுக்குப் போனால் உடனே பெட்டியைத் தொட மாட்டார். உட்காருவார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். பிறகு, கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்கும் இப்போதைக்கும் நடுவில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பார்.

கம்ப்யூட்டருக்கு என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். வீட்டில் என்ன நடந்தது என்றுதான் கேட்பார். ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. வெள்ளையடித்தோம், மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளினோம், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாதி கோளாறு அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் பெட்டியைப் போட்டுக் காது கொடுப்பார். ஒரு சின்ன பீப் வந்தால் உள்ளே எல்லாம் நலம். விட்டு விட்டு நீளமாகக் கத்தினால் ரேம் சரியாக உட்காரவில்லை. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பெரும்பாலும் படம் காட்டுகிற கார்டு. ஒன்றுமே சொல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றினால்தான் கஷ்டம். வாய் திறக்காத நோயாளி மாதிரி.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிவிட வேண்டும். உள்ளே தங்கின கொஞ்சநஞ்சக் கரண்டும் போய்விடும். நம் உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க, ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுக்கொள்ள வேண்டும். ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும். கழற்றிய திருகுகளை டப்பா மூடியில் கழற்றிய வரிசையிலேயே வைக்க வேண்டும். மாற்றிப் பார்ப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரி செய்தது என்று தெரியாமல் போகும். கடைசியாக ஒன்று. நாம் கிளம்பும்போது உள்ளே ஒரு ஒயர்கூடத் தொங்கக் கூடாது. எல்லாம் அதனதன் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். இதில் அவர் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. ஒரு தடவை நான் ஒரு விளக்கு ஒயரை மாட்டாமல் மூடிவிட்டு வந்ததற்கு, மறுபடி ஊருக்கு வெளியே துவாக்குடி வரைக்கும் பஸ் ஏற்றி அனுப்பினார். திட்டவில்லை. டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

சிரிப்பும் இருந்தது. நான் மூட்டை தூக்கின அதே மார்க்கெட்டில் ஒரு பூண்டு வியாபாரி. அவர் வீட்டு கம்ப்யூட்டர் அரை மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிடும். போனோம். மேஜை மேல் பெட்டிக்கு ஒரு பூப்போட்ட உறை, கீழே சுருக்கு வைத்துத் தைத்தது. ஓடும்போதும் கழற்ற மாட்டார்களாம்.

"தூசி போயிடும் பாருங்க, அதான் நானே தச்சேன்" என்றார் அந்த வீட்டம்மா.

சார் உறையை மெதுவாகத் தூக்கினார். உள்ளிருந்து அனல் அடித்தது. "நல்லாத் தச்சிருக்கீங்கம்மா. ஆனா இது திருச்சி வெயிலு. வேலை செய்யறப்பயாவது பாவாடையைக் கழட்டி விடுங்க, பாவம்" என்றார். வியாபாரி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அந்தம்மாவுக்குக் கோபம். எங்களுக்குக் காப்பி வரவில்லை.

சிரிக்கிற வீடானாலும் ஒன்று மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி. பெட்டி ஓடாத வரைக்கும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்காத கதையெல்லாம் சொல்வார்கள். திரை வெளிச்சம் வந்த நிமிஷத்தில் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். நாம் செருப்பு மாட்டுவதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்குத்தானே போனோம். ஆனாலும் எத்தனையோ வீட்டுக்குள் போய் வந்தவனுக்கு, உட்கார்ந்து பேச ஒரு வீடுகூட மிஞ்சவில்லை.

இப்போது அந்தக் கேஸுக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் ஒரு வீடு. ரங்கராஜன் சார் என்று ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். தனியாக இருந்தார். மகள் வெளிநாட்டில். ஒரு காலை நேரத்தில், சத்திரத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

"வாங்கோ. செருப்பை அங்கேயே விட்டுடுங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?" என்றார். வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஜெயசீலன் சார் கேட்கிற மாதிரியே, வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"இந்த ஆத்துல இனிமே என்ன நடக்கப்போறது" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். அந்தக் கம்ப்யூட்டர் அவர் மனைவி வைதேகி அம்மாளுடையது. அந்தம்மா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே பாசுரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர்கள் முறைப்படி, சொல்லிக் கொடுக்கிறவர் ஒரு வரியை ஒரு தடவை சொல்வார். கற்றுக்கொள்கிறவர் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குச் சந்தை என்று பேர். பிள்ளைகள் தாங்களாகவே பழகட்டும் என்று அந்தம்மா தன் குரலைப் பதிவு செய்தும் வைத்திருந்தார். ஒரு வரி சொல்லுவார். இரண்டு தடவை திருப்பிச் சொல்கிற அளவுக்குச் சும்மா இருப்பார். அடுத்த வரி.

போன வருஷம் சரஸ்வதி பூஜை முடிந்து சில நாளில் அந்தம்மா போய்விட்டார். அதிலிருந்து வாத்தியார் தினமும் காலையில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, அந்தப் பெட்டி முன்னால் உட்காருவார். அந்தம்மா ஒரு வரி சொல்வார். இவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார். பிள்ளைகளுக்காக விட்ட இடத்தில் இவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சில நாளாகப் பெட்டி எழுந்திருக்கவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுத் தரட்டுமா, குரல் அப்படியே வரும் என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

"அந்தப் பொட்டியிலதான் அவ பேசுவா. வேற பொட்டியில வந்தா வேற யாரோ மாதிரின்னா இருக்கும். இது எழுந்துக்கணும். அப்புறம் ஒண்ணு. முன்னால ஒரு பொட்டு இருக்கு பாருங்கோ. அதுல மட்டும் கை படாம பாத்துக்கோங்கோ."

பார்த்தேன். பெட்டியின் முகத்தில் பெரிய பவர் பட்டன். அதற்குக் கீழே வட்டமாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு இன்னொன்று. அதன் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு நம் கடையில் ஸ்க்ரூடிரைவருக்குக்கூட வைப்போமே, அது மாதிரி. அந்தம்மா போன வருஷம் வைத்தது. வருஷம் திரும்புகிற வரைக்கும் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது என்பதால், இந்த வருஷ பூஜை வந்தும் யாரும் துடைத்துப் புதிதாக வைக்கவில்லை. பழசு அப்படியே இருந்தது. ஓரத்தில் பிறை மாதிரி விரல் ரேகை தெரிந்தது.

"ஏதோ பொட்டு வைக்கறதுக்குன்னே வட்டமா இடம் விட்டிருக்கான், பாருங்கோன்னு அவ சொன்னா" என்றார் வாத்தியார்.

போட்டேன். ஃபேன் சுற்றியது. பீப் இல்லை. திரை இருட்டு. ரேமைத் துடைத்தேன், இடம் மாற்றினேன். ஒன்றும் இல்லை. கரண்டு கொடுக்கிற பெட்டியை மாற்றிப் பார்த்தேன். அதுவும் இல்லை. கடைசியில் ஒயர்களை எல்லாம் கழற்றி மதர்போர்டையே வெளியே எடுத்து, ஒரு அட்டை மேல் வைத்தேன். வெளியே இருக்கும்போது பட்டன் கிடையாது. போர்டில் இரண்டு குட்டி ஊசிகள் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால் போதும், பவர் பட்டனை அமுக்கின மாதிரி. தொட்டேன். பீப் என்றது. திரையில் வெளிச்சம்.

வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

திரும்ப உள்ளே வைத்து எல்லாவற்றையும் மாட்டினேன். செத்துவிட்டது. மறுபடி வெளியே எடுத்தேன். ஓடியது. உள்ளே வைத்தேன், ஓடவில்லை. கேபினெட் தகரம் எங்கேயோ போர்டில் உரசுகிறது என்று நினைத்து, திருகுக்கு அடியில் எல்லாம் அட்டை வெட்டிக் கொடுத்தேன். பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு தடவை பீப் கேட்கும்போதும் அந்த மனுஷர் எழுந்திருப்பதும், அடங்கும்போது உட்காருவதும் எனக்குத் தாங்கவில்லை. நாளைக்குச் சாரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குச் சாயங்காலம் காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வாத்தியார் இப்போது அந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் என் வீட்டில் என் மனைவி செல்வி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சார் வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். நான் செய்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"வெளிய எடுத்து வச்சப்ப எதையெல்லாம் மாட்டல?" என்று கேட்டார்.

முன்பக்க ஒயர் எதையும் மாட்டவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பெட்டியின் முகத்திலிருந்து மெல்லிசாக நாலு ஒயர் போர்டுக்கு வரும். இரண்டு விளக்குக்கு இரண்டு, பவர் பட்டனுக்கு ஒன்று, ரீசெட் பட்டனுக்கு ஒன்று. ரீசெட் என்றால், பெட்டி மக்கர் செய்யும்போது அமுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஃபேன் மட்டும் சுற்றும்.

"ஒரு நேரத்துல ஒண்ணு" என்றார் சார்.

ஒன்றொன்றாக மாட்டினேன். பவர், ஓடியது. விளக்கு, ஓடியது. இன்னொரு விளக்கு, ஓடியது. ரீசெட் ஒயரை மாட்டினேன். அடங்கிப் போனது. பிடுங்கினேன். பீப்.

சார் டார்ச்சை எடுத்து அந்தச் சந்தனப் பொட்டுக்குப் பக்கவாட்டில் பிடித்தார். பொட்டு வைத்த பட்டன், சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைவிட நூலளவு உள்ளே போயிருந்தது. சந்தனம் இடுக்கில் இறங்கி இறுகியிருந்தது.

"சார், தினமும் காலைல உக்காந்ததும் என்ன பண்ணுவீங்க? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்" என்றார் ஜெயசீலன் சார்.

வாத்தியார் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். வலது கை விரலால் அந்தப் பொட்டை மெதுவாகத் தொட்டார். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் பவர் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார்.

சார் டார்ச்சை அணைத்தார். ஒரு வருஷத்துக் காலைகள். பூ மாதிரிதான் தொட்டிருப்பார். அப்படித் தொட்டுத் தொட்டே அது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

அவர் கணக்கு வாத்தியார். எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"என்னாலதானா?" என்றார்.

"பிளாஸ்டிக் சார். நம்ம ஊர் வெயிலுக்கு இறுகிக்கும்" என்றார் ஜெயசீலன் சார்.

பிறகு உள்ளதைச் சொன்னார். பட்டனை வெளியே இழுத்தால்தான் இது சரியாகும், இழுத்தால் பொட்டு உதிர்ந்துவிடும் என்றார். வாத்தியார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வீதியில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"எடுத்துடுங்கோ. பொட்டு பேசாது. குரல் இருந்தா போறும்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் தேய்க்கிற சத்தம் இல்லை. வெறும் தண்ணீர் மட்டும்.

நான் பையிலிருந்து மெல்லிய இடுக்கியை எடுத்தேன். சார் என் கையைப் பிடித்தார்.

"முருகேசன், உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்குல்ல. ரீசெட் பட்டனைக் கடைசியா எப்ப அமுக்கினீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை என்றேன்.

"எனக்கும் இல்ல" என்றார்.

அந்த ரீசெட் ஒயர் போர்டில் மாட்டப்படாமல் என் விரலில் இருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் போதும். பட்டன் சிக்கினால் சிக்கிக்கொண்டு இருக்கட்டும், போர்டுக்குத் தெரியவே தெரியாது. இவ்வளவு சுலபமான வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், ஒயர் தொங்கக் கூடாது என்பது அவர் சொன்ன சட்டம். என்னைத் துவாக்குடிக்குத் திருப்பி அனுப்பிய மனுஷர். அவர் பக்கத்தில் இருக்கும்போது ஒயரைத் தொங்கவிடலாம் என்று என் புத்தி எப்படிப் போகும்?

அவரே அந்த ஒயரை வாங்கினார். முனையில் டேப் சுற்றினார். ஃபேனில் சிக்காமல் ஓரமாக ஒதுக்கிவிட்டார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"தொங்கட்டும்" என்றார்.

மூடித் திருகு போட்டோம். வாத்தியாரைக் கூப்பிட்டோம். முகம் கழுவியிருந்தார். பெட்டியைப் பார்த்தார். பொட்டு இருந்தது. திரும்பி எங்களைப் பார்த்தார். சார் எதையும் விளக்காமல், போடுங்க சார் என்றார். அவர் பவர் பட்டனை அமுக்கினார். பீப். கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரில் அந்தம்மாவின் குரல் ஒரு வரி சொன்னது. வயசான, கணீரென்ற குரல். பிறகு மௌனம்.

வாத்தியாருக்கு முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவைதான் சொன்னார்.

நாங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். வழக்கம்போல நாங்கள் செருப்பு மாட்டுவதை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு அது நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் போய்விட்டது. ஜெயசீலன் சார் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். செல்வியும் போய்விட்டாள். அவள் கை பட்ட அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். சுவரில் எண்ணெய்க் கை, கண்ணாடியில் ஒட்டின பொட்டு, எதுவும் இல்லை. அவள் ரொம்பச் சுத்தக்காரி. ஒன்றைக்கூடத் துடைக்காமல் விட்டதில்லை.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு போன் வந்தது. ரங்கராஜன் சாரின் மகள். அப்பா போய்விட்டார், வீட்டைக் காலி செய்கிறோம், கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் பென்சிலால் உங்கள் நம்பர் எழுதியிருக்கிறது என்றார். போனேன். அதே மேஜை. அந்தப் பெண் கையில் ஈரத்துணி இருந்தது.

"அங்கிள், இதை யாருக்காவது குடுத்துடலாம்னு பாக்கறேன். ஒரே அழுக்கா இருக்கு, தொடச்சுத் தரேன்" என்றார்.

துணி பெட்டிக்குப் பக்கத்தில் போனது. "அதைத் துடைக்காதீங்கம்மா" என்றேன். நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் நின்றுவிட்டார்.

அது யார் வைத்த பொட்டு என்று சொன்னேன். தினமும் காலையில் அவர் அப்பா என்ன செய்வார் என்பதைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. போனில் பேசும்போது அப்பா சொன்னதே இல்லையாம். அந்தப் பெண் ஈரத்துணியைத் தூரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பொட்டை ரொம்ப நேரம் பார்த்தார். கையை நீட்டினார். ஆனால் தொடவில்லை.

அப்புறம் அவர் கேட்டதைச் செய்து கொடுத்தேன். பெட்டியின் முகம் தனியாக வரும். உள்ளே க்ளிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றாக விடுவித்து, ஒயர்களைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பொட்டு உதிராமல் கழற்றினேன். அவர் அதை அம்மாவின் பட்டுப்புடவையில் சுற்றிச் சூட்கேஸில் வைத்தார். டிஸ்க்கையும் கழற்றிக் கொடுத்தேன். மிச்சத்தை என்ன செய்ய என்று கேட்டார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அது இப்போது இங்கே என் மேஜை மேல்தான் இருக்கிறது, என் பழைய திரையையும் கீபோர்டையும் மாட்டி வைத்திருக்கிறேன். முகம் இல்லை, அதிலிருந்த பட்டன்கள் இல்லை, டிஸ்க் இல்லை. டேப் சுற்றின ரீசெட் ஒயர் மட்டும் இன்னும் ஓரமாகத் தொங்குகிறது. அதை நான் தொடவில்லை.

சாயங்காலத்தில் வேலை ஒன்றும் இருக்காது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்த இரண்டு குட்டி ஊசிகளையும் ஒரு நொடி தொடுவேன். ஃபேன் சுற்றும். ஒரு சின்ன பீப் வரும். உள்ளே எல்லாம் நலம் என்று அர்த்தம். அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளையாக அந்த வரி வரும். நான் முதன்முதலில் முகம் பார்த்துப் பழகின வரி. டிஸ்க் இல்லை, போட்டுவிட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு.

தட்டுவேன்.

அது மறுபடி அதே வரியைச் சொல்லும்.